பீம் இல்லாத வீடு: கட்டுமுன் காட்டும் டிஜிட்டல் ட்வினில் எங்கெங்கே சறுக்கும்

அஸ்திவாரக் குழி தோண்டாத மனையில் ஏழாவது மாடி பால்கனியில் நின்று காற்று வாங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சென்னை அடுக்குமாடித் திட்டங்களின் விற்பனை அலுவலகத்தில் பெரிய தொடுதிரை இருக்கும், பக்கத்தில் ஒரு விஆர் கண்ணாடி, கைப்பேசிக்கு ஒரு இணைப்பு. கட்டப்போகும் வீட்டின் இந்தக் கணினி வடிவத்தைத்தான் டிஜிட்டல் ட்வின் என்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு திரையைப் பார்த்தால் ஹாலின் கூரையை அண்ணாந்து பாருங்கள். நடுவே பீம், அதாவது கூரையைத் தாங்கும் உத்திரம், தெரிகிறதா? அனேகமாகத் தெரியாது. கட்டி முடித்த வீட்டில் அது இருக்கும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம் வைத்தால், 450 மி.மீ. பீமுக்கு அடியில் கிடைப்பது 2.55 மீட்டர்தான். 600 மி.மீ. பீம் என்றால் 2.4 மீட்டர். திரையில் மொட்டைக் கூரையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது வேறு வீடு.

பீம் காணாமல்போவதற்குக் காரணம் ஏமாற்றும் எண்ணம் அல்ல. கட்டுகிற வரைபடம் ஒரு மேசையில் இருக்கிறது, விற்கிற படம் இன்னொரு மேசையில் வரையப்படுகிறது. ஆர்க்கிடெக்ட்டின் தரைத்தளப் பிளானை மட்டும் வாங்கி, சுவர்களை மேலே இழுத்து, அழகான சோபாவைப் போட்டுக் கொடுத்துவிடுவார் 3டி கலைஞர். தூணும் பீமும் இருக்கும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் அவர் கண்ணில் பட்டிருக்காது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதிக்கு இதுவே மூலம்.

டிஜிட்டல் ட்வின் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் இந்தக் கருத்தை முன்வைத்தது தொழிற்சாலைப் பொருள்களுக்காக: நிஜப் பொருள் ஒன்று, அதன் கணினி வடிவம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஓடும் தகவல். கட்டடமே இல்லாதபோது இரட்டைக்கு ஜோடி ஏது? பின்னாளில் அவரும் நாசாவின் ஜான் விக்கர்ஸும் இதைப் பிரித்தே சொன்னார்கள். பொருள் உருவாகும் முன் இருப்பது முன்மாதிரி ட்வின், உருவான ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருப்பது இன்னொரு வகை. விற்பனை அலுவலகத்தில் நாம் காட்டுவது முதல் வகை. ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டப்போகும் கட்டடத்துக்கு வேண்டிய எல்லாத் தகவலும் உள்ளே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அதற்கு 3டி வாக்த்ரூ (சுற்றிப் பார்க்கும் படம்) என்று பெயர் வைத்துக்கொள்வதே நேர்மை.

எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற வரைபடம், அதற்கு ஒத்துவரும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம், பிளம்பிங், மின்சாரம் என நான்கும் ஒரே திருத்த எண்ணில் கையில் வந்த பிறகே மாடல் வேலையைத் தொடங்க வேண்டும். "பிளான் அப்புறம் மாறும், நீங்க ஆரம்பிச்சுடுங்க சார்" என்று சொல்லும் இடத்தில்தான் பிற்பாடு சண்டை வரும். ரெவிட் போன்ற பி.ஐ.எம். (கட்டடத் தகவல் மாடல்) மென்பொருளில், அளவும் இடமும் துல்லியமாக இருக்கும் எல்ஓடி 300 என்ற விவர நிலைக்கு மாடல் இருந்தால் போதும். கம்பி கட்டும் விவரம் வாங்குபவருக்குத் தேவையில்லை. பீம், தூண், குழாய்கள் இறங்கும் டக்ட், டாய்லெட்டின் தாழ்த்திய தளமான சன்கன் ஸ்லாப், ஏசி வெளியூனிட் வைக்கும் இடம், பால்கனியில் இறங்கும் மழைநீர்க் குழாய் ஆகியவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று முதலில் அழிக்கப்படுபவை இவைதான்.

டாய்லெட்டின் ஸ்லாப்பை ஏறத்தாழ ஓரடி தாழ்த்திப் போடுவது வழக்கம். அந்தத் தாழ்வு கீழ்வீட்டு டாய்லெட்டின் கூரையில் இறங்கும். கீழ்வீட்டுக்காரர் அங்கே லாஃப்ட் கேட்டால் கிடைக்காது. மாடலில் கூரை நேராக இருந்தால் இதைக் கேட்கவே அவருக்குத் தோன்றாது.

அளவைப் பூச்சு முகத்திலிருந்து எடுக்க வேண்டும். செங்கல் முகத்திலிருந்து எடுத்தால் உள்பூச்சு ஒரு பக்கம் 12 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்ந்து 24 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போய்விடும். அங்குலம்தானே என்று விட்டால், ஆர்டர் கொடுத்து வாங்கிய அலமாரி சுவருக்குள் நுழையாது. பரப்பளவும் அப்படியே. வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவில் (உள்ளே புழங்கும் பரப்பில்) வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், பால்கனி சேராது. உள்தடுப்புச் சுவர் சேரும். மென்பொருள் தானாகக் கணக்கிடும் அறைப் பரப்பில் உள்சுவர் சேராது என்பதால், திரையில் வரும் எண்ணும் ஒப்பந்தத்தில் வரும் எண்ணும் ஒத்துப்போகாமல் நிற்கும். திரையில் ஒப்பந்த எண்ணையே காட்டுங்கள். அறை அளவை மட்டும் மாடலிலிருந்து எடுங்கள்.

120 ஃப்ளாட் இருந்தாலும் வகை ஐந்தோ ஆறோதான் இருக்கும். ஒன்றைச் செய்து நகலெடுப்பது சரி. சிக்கல் கண்ணாடிப் பிரதியில். இடது ஃப்ளாட்டைத் திருப்பி வலது ஃப்ளாட் ஆக்கும்போது மென்பொருள் அளவை மைனஸ் ஆக்கிவிடும், முகங்கள் உள்வெளியாகப் புரளும், சுவர்கள் சில இடத்தில் மறைந்துபோகும். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, உடனே பிடித்துவிடலாம். தெரியாத கோளாறு சமையலறையில் இருக்கிறது. கிழக்கு பார்த்த அடுப்பு மேற்கு பார்த்ததாகிவிடும். நம் ஊரில் குடும்பத்தோடு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வாசற்படி எந்தத் திசை, அடுப்பு எந்தப் பக்கம் என்பதுதான். விற்பனையாளர் "கிழக்குதாங்க" என்பார், திரையில் திசைகாட்டி மேற்கைக் காட்டும். திருப்பிப்போட்ட ஒவ்வொரு வகையையும் தனியாகத் திறந்து, அடுப்பு, சிங்க், வாஷிங் மெஷின் குழாய், கதவு திறக்கும் பக்கம் ஆகியவற்றைப் பிளானோடு ஒப்பிட வேண்டும்.

சூரியனும் திசையும்

வெளிச்சம் காட்டும் இடத்தில் பெரும்பாலான மாடல்கள் பொய் சொல்கின்றன, தெரியாமலேயே. மென்பொருளின் வார்ப்புக் கோப்பில் (டெம்ப்ளேட்) வேறு நாட்டு ஊர் பதிவாகியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கும். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதத்தில் சூரியன் உதிப்பது நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி, மறைவதும் அப்படியே. "வடக்கு பார்த்த ஜன்னல், வெயிலே வராது" என்று சொல்லும் வாயை மாடலே அடைத்துவிடும், ஊரைச் சரியாக வைத்திருந்தால். டிசம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும், தெற்கு பால்கனிக்குள் வெயில் நன்றாக ஏறும்.

இரண்டு விஷயங்களைச் சோதித்தால் போதும். ஒன்று, மாடலின் மெய்வடக்கு சர்வே வரைபடத்தின் வடக்கோடு ஒத்திருக்கிறதா. வரைய வசதியாகக் கட்டடத்தை நேராகத் திருப்பி வைத்திருப்பார்கள். அந்தப் ப்ராஜெக்ட் நார்த்தையே மெய்வடக்காக ஏற்றுமதி செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு, நேரம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரிய நடுப்பகல் சராசரியாக 12.09க்கு வரும். மாடலில் நிழல் மிகக் குட்டையாகும் நேரம் 12 மணியை ஒட்டி இல்லாமல் எங்கோ போனால் நேர மண்டலம் தவறு.

அடுத்தது எக்ஸ்போஷர். காட்சியை உடனுக்குடன் வரையும் அன்ரியல் போன்ற கேம் எஞ்சின்களில், பிரகாசத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி எக்ஸ்போஷர் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். டக்ட்டைப் பார்த்த ஜன்னல் மட்டுமே உள்ள இருட்டு டாய்லெட்டுக்குள் நுழைந்ததும், அது படத்தைத் தானாகப் பிரகாசமாக்கிவிடும். அதை அணைத்து, ஹாலுக்கு வைத்த அளவையே வீடு முழுக்கப் பூட்டுங்கள். கூரைக்கு அருகே மறைத்து வைக்கும் ஒளிமூலங்களையும் எடுத்துவிடுங்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை என்றால் அதில் விளக்கைப் போட்டுக் காட்டுவதில் தப்பில்லை. விளக்கே இல்லாமல் வெளிச்சமாகக் காட்டுவதுதான் தப்பு.

கேமரா, கட்டில், கண் உயரம்

பத்துக்குப் பதினொன்று படுக்கையறையை 90 டிகிரி பார்வைக் கோணத்தில் காட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். திரைக்கு 60 டிகிரியை ஒட்டி வையுங்கள். அறை முழுதும் ஒரே படத்தில் அடங்காது, பரவாயில்லை. சுவரைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து எடுப்பதைத் தடை செய்யுங்கள். கண் உயரம் 1.5 மீட்டர். சிலர் 1.2 மீட்டரில் வைப்பார்கள், கூரை உயர்ந்து தெரியும் என்று. அது குழந்தையின் கண்.

கட்டில்தான் பெரிய மோசடிக்காரன். 6 அடி அகலம், ஆறரை அடி நீளம் உள்ள கட்டிலை எண்பத்தைந்து சதவீதத்துக்குச் சுருக்கிப் போட்டால் யாருக்கும் தெரியாது. உண்மை அளவில் போட்டுப் பாருங்கள். 11 அடிச் சுவரில் தலைமாடு வைத்தால் கட்டில் எதிர்ச்சுவரை நோக்கி ஆறரை அடி நீளும், கால்மாட்டில் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே 2 அடி ஆழ அலமாரி வந்தால் நடக்க ஒன்றரை அடி. அலமாரிக் கதவும் ஒன்றரை அடி அகலம் என்றால் திறக்கிறவர் கட்டில் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். இதைக் கட்டுமுன் கண்டுபிடித்தால் ஸ்லைடிங் அலமாரி என்றோ, வாசலை ஒரு அடி நகர்த்தலாம் என்றோ முடிவெடுக்கலாம். விற்பனைக்கு அப்பால் இந்த மாடலுக்கு இருக்கும் உண்மையான பயன் இது. நூலக அறைகலனை நம்பாமல், சந்தையில் கிடைக்கும் அளவைத் தட்டச்சு செய்து, அளவு மாற்றும் வசதியைப் பூட்டிவிடுவது நல்லது.

தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் மாடலில் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019 ஒரு காருக்குக் கேட்பது இரண்டரைக்கு ஐந்து மீட்டர். தூணுக்கு நடுவே அந்தச் செவ்வகம் பிளானில் அழகாக உட்காரும். கார் அதற்குள் திரும்புமா என்பது வேறு கேள்வி. உண்மை அளவுள்ள ஒரு எஸ்யூவியை வைத்து, நுழைவிலிருந்து ஓட்டி நிறுத்திக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பால்கனியிலிருந்து தெரியும் ஊர்

பால்கனிக் காட்சிக்கு வலைத்தளத்தில் எடுத்த வானப்படத்தை ஒட்டுவது மலிவான வேலை. ட்ரோனை அந்தந்த மாடியின் கண் உயரத்தில் நிறுத்தி முழுச்சுற்றுப் படம் எடுக்க வேண்டும். ஸ்டில்ட்டும் மாடியும் தலா 3 மீட்டர், பிளின்த் (தரைக்கு மேல் எழுப்பிய அடித்தளம்) 0.6 மீட்டர் என்றால் ஏழாவது மாடித் தரை 21.6 மீட்டர், கண் 23.1 மீட்டர். சுற்றுவட்டாரத்தையே 3டியாக எடுப்பதானால் படங்கள் முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றோடொன்று படிய வேண்டும். குறைந்தால் மரமும் ஒயரும் கஞ்சியாகக் கரைந்துவிடும். பறக்கும் முன், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் எல்லாம் விமான நிலைய வட்டத்துக்குள் வரும். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குள் பறக்கலாம், அதற்கு உள்ளே அனுமதி தேவை.

பக்கத்து மனை காலியாக இருந்தால்? இங்கேதான் விற்பனைக் குழுவுக்கும் மாடல் குழுவுக்கும் முட்டிக்கொள்ளும். உயர்மாடி அல்லாத கட்டடம் 18.30 மீட்டர் வரை எழலாம் என்பது விதி. ஆகவே காலி மனைமேல் அந்த உயரத்துக்கு ஒரு சாம்பல்நிறப் பெட்டியை, தேவைப்படும்போது காட்டி மறைக்கும்படி வைத்துவிடுங்கள். நான்காவது மாடிக்காரர் தனக்கு என்ன தெரியும், நாளைக்கு என்ன மறையும் என்று பார்த்துவிட்டே வாங்கட்டும். விற்பனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தரை மட்டமும் முக்கியம். மாடலை ஒரு தட்டைப் பலகையில் வைக்காதீர்கள். டோட்டல் ஸ்டேஷன் என்னும் அளவைக் கருவியின் சர்வேயில் எடுத்த சாலை மட்டம், பிளின்த் மட்டம், பக்கத்துக் கால்வாய் மட்டம் மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்தவர்கள் சாலையிலிருந்து பிளின்த் எவ்வளவு உயரம் என்று நிச்சயம் கேட்பார்கள். மறுபடி மறுபடி தார் போட்டு உயரும் தெருவில் அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சம்ப், லிஃப்ட் குழி, மின் பேனல் ஆகியவை எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று வெட்டுத்தோற்றத்தில் காட்ட முடிந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

சர்வே ஆயத்தொலைகளை (இடத்தைக் குறிக்கும் எண்களை) அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்தால் ஒரு விநோதம் நடக்கும்: கதவும் ஜன்னலும் நடுங்கும். பூமத்தியரேகையிலிருந்து அளக்கும் சென்னையின் வடக்கு ஆயத்தொலை 14,46,000 மீட்டரை ஒட்டி இருக்கும். உலாவியில் ஓடும் 3டி பயன்படுத்தும் 32 பிட் எண்ணுக்கு அந்த அளவில் 12.5 செ.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் தெரியாது. மனையின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்து மாடலைக் கட்டுங்கள், உண்மை ஆயத்தொலையைத் தனிக் குறிப்பாகச் சேமியுங்கள். நடுக்கம் நின்றுவிடும்.

கைப்பேசியில் ஏன் படுத்துவிடுகிறது

அலுவலகக் கணினியில் பறக்கும் மாடல் வாடிக்கையாளரின் கைப்பேசியில் திறக்காது. "நெட் சரியில்லை" என்பது முதல் சமாதானம், பெரும்பாலும் தவறான சமாதானம். காரணம் நினைவகம். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டைல் படம் ஜேபெக்காக 2 எம்பிதான் இருக்கும். கிராபிக்ஸ் நினைவகத்துக்குள் போனதும் அது விரிந்து 64 எம்பி ஆகும், தூரத்துக் காட்சிக்காக வைக்கும் சிறுபிரதிகளோடு 85. இப்படி இருபது படம் இருந்தால் 1.7 ஜிபி. கைப்பேசி உலாவி சத்தமில்லாமல் பக்கத்தை மூடிவிடும். டிராகோ என்னும் சுருக்கும் முறையைப் போட்டுக் கோப்பைக் குறைத்தாலும் பயனில்லை, அது வடிவத்தை மட்டும், அதுவும் பதிவிறக்கத்துக்காக மட்டும் சுருக்குவது. படங்களை, நினைவகத்திலும் சுருங்கியே இருக்கும் கேடிஎக்ஸ்2 வடிவத்துக்கு மாற்றி, தரை, சுவருக்கு 2048, மற்றவற்றுக்கு 1024 என்று குறைத்தால்தான் மூச்சு வரும்.

3டி வடிவங்களைக் கட்டும் முக்கோணங்களும் அப்படியே. நூலகத்திலிருந்து இறக்கும் ஒரு குழாயில் 80 ஆயிரம், நாற்காலியில் 2 லட்சம் முக்கோணம் இருப்பது சர்வசாதாரணம். கணினியில்லாமல் ஓடும் விஆர் கண்ணாடிக்கு ஒரு காட்சியில் 7 முதல் 10 லட்சத்துக்குள் நிற்பது நல்லது. எந்தப் பொருளில் எவ்வளவு என்று பட்டியலெடுத்து மேலிருந்து வெட்டினால், பத்துப் பொருளிலேயே வேலை முடிந்துவிடும். அடி, மில்லிமீட்டர் குழப்பமும் ஏற்றுமதியில் வரும். வீடு 304.8 மடங்கு பெருத்தோ சிறுத்தோ வந்தால் அடியும் மி.மீ.யும் இடம் மாறிவிட்டன என்று பொருள். மூன்றடி வாசல் கதவை அளந்து பார்க்கும் பழக்கம் போதும்.

சர்வரில் ஓடவிட்டுக் காட்சியை மட்டும் அனுப்பும் பிக்சல் ஸ்ட்ரீமிங் கைப்பேசிப் பிரச்சினையைத் தீர்க்கும், வேறொன்றைக் கொண்டுவரும். ஒரே நேரத்தில் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் கிராபிக்ஸ் கார்டின் ஒரு பங்கு தேவை. வெளியீட்டு நாளில் முந்நூறு பேர் இணைப்பைத் தட்டினால் இருநூற்றுத் தொண்ணூறு பேர் சுழலும் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். பொது இணைப்புக்கு இலகுவான உலாவி மாடல், அலுவலகத்தில் கணினியோடு முழு மாடல் என்று பிரிப்பதே கட்டுப்படியாகும்.

விஆர் கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாக: காட்சி நொடிக்கு 72 ஃப்ரேமுக்குக் கீழே இறங்கினால் தலை சுற்றும். வழுக்கி நடக்கும் முறை வேண்டாம், இடம் விட்டு இடம் தாவும் முறை வையுங்கள். பெரியவர்களை உட்கார வைத்தே காட்டுங்கள், ஐந்து நிமிடம் போதும். அவர் பார்ப்பதைப் பக்கத்துத் திரையில் ஓடவிடுங்கள், இல்லையென்றால் கூட வந்த குடும்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நுரை விளிம்பில் வியர்வையும் தலை எண்ணெயும் குங்குமமும் ஏறிவிடும். துடைக்கக்கூடிய சிலிக்கோன் உறை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

சட்டமும் திருத்த எண்ணும்

மண் பரிசோதனைக்குப் பிறகு தூண் 230க்கு 600இலிருந்து 300க்கு 750 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிற வரைபடம் மாறிவிடும், விற்பனைத் திரையில் பழைய தூணே நிற்கும். 230 மி.மீ. சுவருக்குள் ஒளிந்திருந்தது இப்போது 70 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் கைப்பேசியில் பழைய காட்சியைப் படம் பிடித்து வைத்திருப்பார். ரெரா சட்டம் 2016இன் 12ஆம் பிரிவு விளம்பரத்தையும் மாதிரி வீட்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது: அதிலிருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்கு இழப்பீடு, விலக விரும்பினால் வட்டியோடு பணம். திரையில் ஓடும் மாடலை வெறும் படம் என்று தள்ளிவிட முடியும் என யாரும் நம்பியிருக்க வேண்டாம். ரெரா பதிவு எண் கிடைக்கும் முன் மாடலைப் பொதுவில் விடுவதே 3ஆம் பிரிவுக்கு எதிரானது. கிடைத்த பிறகு அந்த எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் திரையில் தெளிவாக இருக்க வேண்டும், இது 11ஆம் பிரிவு.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் வரைபடத் திருத்த எண்ணையும் தேதியையும் அழிக்க முடியாதபடி பொறித்துவிடுங்கள். விடும் ஒவ்வொரு பதிப்பையும் தனியாகக் காப்பகத்தில் வையுங்கள். யாருக்கு எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் காட்டப்பட்டது என்று முன்பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். சோபா, திரைச்சீலை, ஃபால்ஸ் சீலிங் போல விலையில் அடங்காதவற்றை ஒரே தட்டில் மறைக்கும் பொத்தான் ஒன்றும் வையுங்கள். வெற்று வீட்டைப் பார்க்கும்போதுதான் ஆட்கள் சரியான கேள்வி கேட்கிறார்கள்.

விலையையும் விற்பனை நிலையையும் மாடலுக்குள் எழுதாதீர்கள். ஃப்ளாட் ஒவ்வொன்றுக்கும் பி-07-03 போன்ற ஒரு அடையாளம் கொடுத்து, தகவலை விற்பனைத் தரவுத்தளத்திலிருந்து இழுக்க வேண்டும். மறு ஏற்றுமதியின்போது பெயர்கள் மாறி, விற்றுப்போன வீடு காலியாகத் தெரிவது வழக்கமான விபத்து. பி.ஐ.எம். மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் ஐஎஃப்சி கோப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் இருக்கும் 22 எழுத்து அடையாளத்தோடு இணைத்தால் பெயர் மாறினாலும் இணைப்பு அறாது.

கட்டத் தொடங்கிய பிறகு பெரும்பாலான மாடல்கள் வன்தட்டில் தூங்கப் போய்விடுகின்றன. பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு அறையிலும் நடுவில் ஒரு 360 டிகிரி படம் எடுத்து மாடலில் அதே இடத்தில் ஒட்டுங்கள். ஒரு ஃப்ளாட்டுக்கு அரை மணி நேர வேலை. சுவருக்குள் மின்கம்பிக் குழாயான கான்ட்யூட் எங்கே ஓடுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே வளைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. குடியேறியவர் டிவி மாட்ட ட்ரில்லிங் மெஷினை எடுக்கும் நாளில்தான் அந்தப் படத்தின் அருமை தெரியும்.